இடது பின் சக்கரத்தின் சிவப்பு

அக்டோபர் 8, செவ்வாய்

நாக்பூர் போன லாரி இன்று திரும்பியது. என் தங்கச்சி லக்ஷிதாவுக்கு அப்பா ஆரஞ்சு பர்பி வாங்கி வந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே நான்கு சின்ன மூடிகள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி அளவுதான். தாபா வாசலில் ஒருவன் விற்றானாம். டயருக்குக் காற்றடிக்கும் வால்வின் தலையில் இதைத் திருகி வைத்துவிட வேண்டும். மேலே கண்ணாடி போல ஒரு குமிழ் இருக்கிறது.

"காத்து சரியா இருந்தா பச்சை. கொஞ்சம் எறங்குனா மஞ்சள் தெரியும். ரொம்ப எறங்கிட்டா செவப்பு. டயரைத் தட்டிப் பாக்கவே வேண்டியதில்லை" என்றார்.

லாரிக்கு வேண்டிய காற்றுக்கு இது தாங்காதாம். காருக்காகச் செய்தது. என் சைக்கிள் வால்வில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. "வெளையாட வெச்சுக்க அம்மிணி" என்றார். ஒன்பதாவது படிக்கிறவள் டயர் மூடியை வைத்து என்ன விளையாடுவது?

சாப்பிடும்போது என் முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு எப்படி ஆச்சு என்று கேட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றேன். சித்தப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லும்போது டிவி சத்தம் குறைந்திருந்தது. சொல்லி முடித்ததும் கூடியது.

அக்டோபர் 9, புதன்

அப்பா மறுபடி லோடு ஏற்றப் போய்விட்டார். இனி தீபாவளிக்குத்தான் வருவார்.

சாமி அலமாரியில் ஒரு சின்ன சிவப்பு பல்பு விடிய விடிய எரியும். அதன் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்த வெளிச்சத்தில், காற்றே படாத மூடியின் சிவப்பு வெளுத்துத் தெரிகிறது. சித்தப்பா ஹாலில் படுத்திருக்கிறார். அவர் புரளும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். பயந்து இல்லை. தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக.

சித்தப்பா எங்கள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேனின் ஓனர் அர்த்தநாரி, பள்ளித் தாளாளரின் மச்சான். வேனின் இடது பின் டயர் பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. எங்கள் சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்கு அது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஒருமுறை ஒட்டலாம், இரண்டுமுறை ஒட்டலாம், அதற்குமேல் டயர் நம் பேச்சைக் கேட்காது என்று அப்பா சொல்வார். இந்த டயருக்கு எத்தனை முறை ஒட்டினார்கள் என்று ஓனருக்குத்தான் தெரியும். தினமும் காலையில் சித்தப்பா பங்க்கில் அதற்குக் காற்றடிக்கிறார். சாயங்காலம் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்கிறது. நான் உட்காரும் சீட் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 10, வியாழன்

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 26ஆம் தேதி ஏற்காடு சுற்றுலா. எங்கள் வேனில்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது படிக்கும் லக்ஷிதா எந்த கவுன் போடுவது என்று இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

வேனில் போகிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வேனைக் கழுவிப் பூஜை போடுவது வருஷா வருஷம் நடப்பது. பையன்கள் கூரைமேல் ஏறித் தண்ணீர் ஊற்றினார்கள். சின்னதுகள் பலூன் கட்டின. வாழைக்கன்று கட்டும் வேலையில் சித்தப்பா இருந்தார். சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெண்பிள்ளை சக்கரத்தடியில் குனிந்து உட்கார்ந்தால் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்காத நாள் வருஷத்தில் இது ஒன்றுதான்.

நான்கு சக்கரத்திலும் பழைய மூடியைக் கழற்றிவிட்டு என் மூடியைத் திருகினேன். ஒவ்வொன்றிலும் லேசாக 'புஸ்' என்று காற்று வந்து நின்றது. நான்கும் பச்சை. சுற்றிலும் சந்தனம் அப்பி, மூடியின் விளிம்பில் குங்குமம் வைத்தேன். பொட்டு வைத்த நான்கு கண்கள் மாதிரி இருந்தன.

ஓனர் வந்து பூசணிக்காய் உடைத்தார். "அட, பொம்பளப் புள்ள கை வெச்சாத்தான் லட்சணம்" என்றார். நான் சிரித்தேன். கழற்றிய பழைய மூடிகளைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் பச்சை. சாயங்காலம் எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். இடது பின் சக்கரத்தில் சிவப்பு. மற்ற மூன்றும் பச்சை.

எனக்கு முன்னாலேயே தெரிந்ததுதான். ஆனால் நமக்குத் தெரிந்ததை ஒரு பொருள் வெளியில் காட்டும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

சித்தப்பாவும் அந்தப் பக்கம் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். போய்விட்டார். குங்குமம் என்று நினைத்திருப்பார். நான்கு சக்கரத்திலும்தான் சிவப்பு இருக்கிறதே, நான் வைத்தது. என் சாமர்த்தியமே எனக்கு எதிராக வேலை செய்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பா போன் செய்தார். சும்மா கேட்பது போலக் கேட்டேன், அந்த மூடியை வேனுக்குப் போட்டால் சரியாகக் காட்டுமா என்று.

வேனுக்குக் காரைவிட அதிகக் காற்று வேண்டுமாம். வேனுக்குக் கொஞ்சம் குறைந்தால் இது கண்டுகொள்ளாமல் பச்சைதான் காட்டும் என்றார். "அதுலயே செவப்பு வந்துச்சுன்னா அந்த வண்டில ஏறவே கூடாது கண்ணு." லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. "எந்த வேனு?"

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையை இடவலமாக ஆட்டினாள். சும்மா கேட்டேன் என்றேன். சரியாகத் திருகாவிட்டால் மூடி வழியாகவே காற்று கசியும், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வார்த்தையால் தூக்கம் போய்விட்டது. காற்று இறங்குவது என் மூடியால் என்றால்?

அக்டோபர் 16, புதன்

மதிய இடைவேளையில் வேன் வேப்ப மரத்தடியில் நின்றது. இடது பின் சக்கரத்து மூடியைக் கழற்றி வலது பின் சக்கரத்துக்கும், அதிலிருந்ததை இங்கேயும் மாற்றித் திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். விரல் தோல் உரிந்துவிட்டது.

சாயங்காலம் இடது சிவப்பு. வலது பச்சை.

நான் இல்லை. என் மூடி இல்லை. டயர்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

நேற்று ராத்திரி முழுக்க மழை. காலையில் சக்கரங்களில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. கழுவித் துடைத்தது போல இருந்தன. இடது பின் சக்கரத்தில் மட்டும் சிவப்பு போகவில்லை.

சித்தப்பா கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றி வந்தார். நான் வேனுக்குள் ஜன்னலோரம் இருந்தேன். நிமிர்ந்து நேராக என்னைத்தான் பார்த்தார். அந்த ஒரு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பங்க்குக்கு ஓட்டிப் போய்க் காற்றடித்தார்.

ராத்திரி சாப்பிடும்போது அந்த மூடியைத் தரையில் என் முன்னால் வைத்தார். "யாரு வெச்சது?"

"நாந்தான் சித்தப்பா."

"ஆகஸ்ட்ல சொன்னது மறந்து போச்சா?"

மறக்கவில்லை என்றேன். அதனால்தான் வைத்தேன் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சோற்றுத் தட்டு கைதவறி விழுந்துவிட்டது என்று அம்மா லக்ஷிதாவிடம் சொன்னாள். அது சுவர் வரைக்கும் போய் விழுந்தது. லக்ஷிதா குழந்தை இல்லை, ஆனால் தலையாட்டினாள். நாளைக்குப் பள்ளி விடுமுறை. நல்லது. கன்னம் திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும்.

அக்டோபர் 19, சனி

ஆகஸ்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன். மாடிப்படி இல்லை.

வாய்க்கால் மேட்டில் ஏறும்போது இதே இடது பின் சக்கரத்தில் முன்பு இருந்த டயர் வெடித்தது. வேன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் உரசி நின்றது. மரம் இல்லையென்றால் வாய்க்கால். நான் கதவருகே நின்றிருந்தேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று என் மேல் வந்து விழுந்தது, நான் கம்பியில் விழுந்தேன். கண்ணாடித் துண்டு ஏறிப் பஞ்சர் என்று எல்லோரையும் வீட்டில் சொல்லச் சொன்னார்கள், ஓனரும் சித்தப்பாவும். என்னை மட்டும் படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். வெளியே தெரிந்தால் சித்தப்பாவுக்கு வேலை போய்விடும், எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கிற பள்ளிக் கட்டணச் சலுகையும் போய்விடும். வெடித்த டயரை எடுத்துவிட்டு ஓனர் மாற்றிப் போட்டதுதான் இப்போது இருக்கும் டயர். அதுவும் ஒட்டுப் போட்டது.

எழுதியதை ஒருமுறை வாசித்தேன். எதையும் அடிக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சித்தப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு டயருங்க. மலை ஏறோணுமுங்க... இல்லீங்க, பழசா இருந்தாலும் பரவால்லீங்க, ஒட்டுப் போடாததா... சரிங்க. தீபாவளி கழிச்சா, சரிங்க. இல்லீங்க, நான் எங்கீங்க எதுத்துப் பேசறேன். சரிங்க. சரிங்க."

சித்தப்பாவின் குரல் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அதிரும் குரல். இது வேறு ஆளின் குரல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாருடையது என்று பிடிபட்டது. அவர் முன்னால் நான் பேசும்போது எனக்கு வரும் குரல்.

ஈரத்துணியோடு கீழே இறங்கிவிட்டேன். எனக்குப் பாவமாக இல்லை. பாவமாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

இடது பின் சக்கரத்தில் மூடி மறுபடி இருக்கிறது. நான் வைக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

எச்.எம். மிஸ்ஸிடம் சொன்னேன். வண்டி விஷயத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ காலாண்டுத் தேர்வில் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பார் என்றார். சாயங்காலத்துக்குள் விஷயம் ஓனருக்குப் போய், அங்கிருந்து சித்தப்பாவுக்கு வந்து, அவரிடமிருந்து அம்மாவுக்கு வந்துவிட்டது. சித்தப்பா சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனார். அது அடியைவிட மோசமாக இருந்தது.

அம்மா தறி வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு யோசனை இருந்தது. சனிக்கிழமை காலையில் லக்ஷிதாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிடலாம். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. "நம்ம புள்ள நம்மகிட்ட இருந்தாப் போதுங்கண்ணு. மத்ததுல நீ தலையிடாதே."

ஒரு நிமிஷம் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு கேட்டேன்: "மத்த புள்ளைகளுக்கெல்லாம் யாரும்மா காய்ச்சல் குடுக்கறது?"

அம்மா பஞ்சைத் தட்ட ஆரம்பித்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

நாளை. லக்ஷிதா கவுனை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 26, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

லக்ஷிதாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. நானே அவளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருட்டு பிரியாத நேரம். பிள்ளைகள் வேனில் ஏறி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்மாக்கள் ஸ்வெட்டரும் தின்பண்டப் பையும் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. லக்ஷிதா ஏறிக்கொண்டாள்.

நான் இடது பின் சக்கரத்துக்குப் போனேன். பச்சை.

சித்தப்பா விடியற்காலையிலேயே காற்றடித்திருக்கிறார். எல்லோரையும் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும் என்று நான் வந்திருக்கிறேன், அது பச்சைப் பசேலென்று இருக்கிறது. அழுகை வந்தது. அழவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

மெஸ்ஸிலிருந்து இட்லி வரத் தாமதமாகிவிட்டது. அதனால் எனக்கு நேரம் கிடைத்தது. நான் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வானம் வெளுத்தது. இட்லிக் கூடைகளை ஏற்றினார்கள். எச்.எம். மிஸ் வந்தார். கற்பூரத் தட்டோடு ஓனர் வந்தார். பச்சைக்கு அடியில் நூல் அளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது. பிறகு வளையம். பிறகு முழுவதும் மஞ்சள்.

"ஏம்மா, எந்திரி. வண்டி எடுக்கோணும்" என்றார் ஓனர்.

"மஞ்சள் வந்துருச்சுங்க."

யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, லுங்கி கட்டியவர், குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்தார்கள். ஓனர் டயரை ஓங்கி உதைத்தார். "கல்லாட்டம் இருக்குது. இது காருக்குப் போடற பொம்மைங்க. இத வேன்ல மாட்டுனா தப்பாத்தான் காட்டும். லாரி டிரைவர் மக, இதுகூடத் தெரீல." சிரித்தார். கூட இரண்டு பேர் சிரித்தார்கள்.

எழுந்து நின்றேன்.

"ஆமாங்க, காருக்குச் செஞ்சதுதான். நாலு பேரு போற காருக்கு வேண்டிய காத்துகூட இந்த டயர்ல இல்லீங்க. அதைத்தான் மஞ்சள்னு காட்டுது. வெடிகாலைல அடிச்ச காத்து, வண்டி நின்ன எடத்துலயே எறங்கிருச்சு. இத்தன புள்ளைகள ஏத்திட்டு எப்படிங்க மலை ஏறும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினேன். இது மாடிப்படியில் விழுந்தது இல்லை என்றேன். வாய்க்கால் மேட்டில் என்ன ஆனது, யார் மேல் யார் வந்து விழுந்தார்கள், வீட்டில் என்ன சொல்லச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மா, பெரிய பையனை வழியனுப்ப வந்தவர், கூட்டத்தில்தான் நின்றிருந்தார். "பஞ்சர்னுதானே சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் இல்லை.

ஓனர் திரும்பிக்கொண்டார். டிரைவர் சீட்டைப் பார்த்து, "குமரேசா, வண்டிய எடு. உன்ற அண்ணன் மகளுக்கு ராத்திரி வீட்ல வெச்சுப் புத்தி சொல்லிக்க" என்றார்.

சித்தப்பா சீட்டில் இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் நின்றது. கதவைத் திறந்து இறங்கி, என்னை நோக்கி நடந்து வந்தார்.

நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நினைத்துச் செய்யவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார். என் முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு என்னைத் தாண்டிப் போய்ப் பக்கக் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க சாமிகளா. வண்டி போகாது."

லக்ஷிதாதான் முதலில் இறங்கினாள், அழுதுகொண்டே. ஏற்காடு ஏரியில் போட்டில் போக வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். இனிமேல் என்னிடம் சாகும்வரை பேசப் போவதில்லை என்றாள். கடைசிக் குழந்தை இறங்கும்போது மூடி சிவப்பாகியிருந்தது. முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் இருந்தன.

அக்டோபர் 28, திங்கள்

சித்தப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சலுகையும் போய்விட்டது. அம்மா எனக்குத் தலை பின்னும்போது வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். பின்னி முடித்து, பிடரியில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் மொட்டை மாடியில் ரொம்ப நேரம் பேசினார்கள். கத்தலும் கேட்டது. சித்தப்பா இனி அப்பாவின் லாரியில் இரண்டாவது டிரைவர். இன்று இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

போகும்போது சித்தப்பா நான்கு மூடிகளையும் என் கையில் கொடுத்தார். டயரைக் கழற்றிப் பார்த்ததில் உள்பக்கம் நார் நாராகக் கிழிந்திருந்தது என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா ஹாரன் அடித்தார்.

நான் வாங்கிக்கொண்டேன். மன்னித்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. இனி கை ஓங்கினால் முகத்தை மூட மாட்டேன். அது மட்டும் தெரியும்.

நவம்பர் 4, திங்கள்

டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். டயரி என்றேன். சரி என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பெற்றோர்கள் போய்ச் சத்தம் போட்டதில் பள்ளிக்கு வேறு வேன், வேறு டிரைவர். காலையில் நிறுத்தத்தில் வந்து நின்றது. ஹாரன் அடித்தார். மற்ற பிள்ளைகள் ஏறினார்கள். நான் ஏறாமல் சக்கரத்தடியில் உட்கார்ந்து மூடியைத் திருக ஆரம்பித்தேன்.

"ஏம்புள்ள, அங்க என்ன பண்றே? நேரமாச்சு, ஏறு."

"காத்துப் பாக்கறேனுங்க."

"அதெல்லாம் நாங்க பாத்துட்டுத்தான் வர்றோம்."

"நானும் பாத்துட்டுத்தான் ஏறுவேனுங்க."

அவர் முணுமுணுத்தார், ஆனால் இன்ஜினை நிறுத்தினார். மூன்று சக்கரம் முடித்து நான்காவதற்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளாக என்னிடம் பேசாதவள். என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். கடைசி மூடியை அந்தக் கையில் வைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு திருகினாள். 'புஸ்' என்றது, நின்றது.

லக்ஷிதா குமிழுக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு டிரைவருக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பச்சை. போலாம்."